டர்போவுக்கு எதுக்குப் பொட்டி?

டர்போசார்ஜர் ஒண்ணும் புதுச் சரக்கு இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் ப்யூகி அதுக்குக் காப்புரிமை வாங்கினது 1905ல். எஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகிற புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுத்த விடு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற விசிறியால் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ளே திணி. அவ்வளவுதான் மேட்டர். யோசனை அவ்வளவு எளிது, ஆனா பெட்ரோல் காரில் அதைப் போட்டு ஒரு சாதாரண மனுஷன் பயமில்லாம ஓட்ட 1980கள் வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. நடுவுல எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல என்ன பண்ணிட்டு இருந்தாங்க? இரும்பு இருந்தது, அச்சு இருந்தது, விசிறி இருந்தது. எஞ்சினைப் பக்கத்துல உக்காந்து கவனிக்கிற ஆள் மட்டும் இல்லை. அந்த ஆள்தான் இ.சி.யு. நம்ம மெக்கானிக்குகள் பாஷையில் 'இ.சி.எம்', என் பாஷையில் பொட்டி.

(டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன். படிச்சது எஞ்சினியரிங்தான், ஆனா ஸ்பேனர் பிடிச்சது கம்மி. இரும்பு சமாச்சாரத்துல கைதேர்ந்தவங்க பொறுமையாப் படிங்க.)

இந்தக் கதையைத் தோண்ட ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியில் இருக்கிற என் சித்தப்பா பையன் ஒரு பழைய மாருதி எஸ்டீம் வச்சிருக்கான். அதுக்கு டர்போ போடணும், எந்தப் பொட்டி வாங்கலாம்னு கேட்டான். கூடவே இருந்த மெக்கானிக் அண்ணன் (இருபது வருஷமா லாரி வேலை பார்க்கிறவர்) ஒரே கேள்வியில் என் வாயை அடைச்சார்: "தம்பி, லாரியில டர்போ எத்தனை வருஷமா ஓடுது? அந்தக் காலத்து லாரியில என்ன கம்ப்யூட்டரா வச்சிருந்தான்?"

நியாயமான கேள்வி. எங்க ஊர்ல டர்போங்கிறது சேலம் ரோட்டுல லாரி ஏத்தத்துல வரும்போது கேக்குற விசில் சத்தம். போர் போடுற ரிக் வண்டி, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்கு லோடு ஏத்திட்டுப் போற லாரி, எல்லாத்துலயும் பார்த்துப் பழகின சாமான். அதில் சர்வீஸ்னா பேரிங் மாத்துறது, ஆயில் லைன் சுத்தம் பண்றது. பொட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

ஏன் இல்லைன்னா, அது டீசல். டீசல் எஞ்சின் வெறும் காத்தை மட்டும்தான் அமுக்குது. எரிபொருள் கடைசி நொடியில் பீய்ச்சப்படுது. காத்து அதிகமா வந்தா அதுக்கு நஷ்டமே கிடையாது, இன்னும் நல்லாத்தான் எரியும். அதனால் பழைய லாரியில் பம்ப் தலைமேல ஒரு சின்ன டயாஃப்ரம் இருந்தாப் போதும். டர்போ அழுத்தம் ஏறினால் அந்தத் தகடு அமுங்கும், பம்ப் கொஞ்சம் கூடுதலா டீசல் விடும். 1951ல் ஆரம்பிச்ச மைக்கோ கம்பெனி (2008ல் பாஷ் லிமிடெட்டுன்னு பேர் மாறிடுச்சு) வழியா இந்த மாதிரி பம்ப்புகள் ஊர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. பம்ப் செட்டிங் பண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு இன்னிக்கும் நெடுஞ்சாலை ஓரத்துல தனி மரியாதை. பாரத் ஸ்டேஜ் விதிகள் ஏற ஏற லாரிக்கும் பொட்டி வந்துடுச்சு, ஆனா அது புகைக்காக வந்தது. டர்போ சுத்துறதுக்காக இல்லை.

பெட்ரோல் வேற சாதி. அங்கே காத்தும் பெட்ரோலும் பெரும்பாலும் முன்னாடியே கலந்து, அமுங்கி, பிளக் பொறிக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. டர்போ காத்தை அதிகமாத் திணிச்சா அழுத்தம் ஏறும், அழுத்தத்தோட சூடும் ஏறும். பொறி விழுந்து தீ ஒரு மூலையிலிருந்து பரவிட்டு இருக்கும்போதே, எதிர்மூலையில் எரியாம இருக்கிற கலவை சூடு தாங்காம தானா வெடிக்கும். அதுதான் நாக்கிங். சில்லறையைத் தகர டப்பால போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். சாதாரண கார்ல அது கொஞ்ச நேரம் கேட்டா பெரிசா ஒண்ணும் ஆகாது. டர்போ முழு அழுத்தத்துல இருக்கும்போது சில விநாடிகள் கேட்டாலே பிஸ்டன் ஓரம் உடையலாம், ஓட்டையே விழலாம். இதுக்கு முக்கியமா ரெண்டு தப்பிக்கும் வழி. பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமா விடணும், பொறியைக் கொஞ்சம் தாமதமா விடணும். எவ்வளவு தாராளம், எவ்வளவு தாமதம்ங்கிறது ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும். டயாஃப்ரம் வச்சு இதைச் சமாளிக்க முடியாது.

அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். டீசலுக்கு டர்போ விருந்தாளி, பெட்ரோலுக்கு டர்போ சிங்கம். சிங்கத்துக்குக் காவலாள் வேணும்.

இனி கொசுவர்த்தியைச் சுத்துவோம்.

முதல்ல டர்போவை மலையேத்தினவங்க வேகத்துக்காக ஏத்தல. 1918ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏத்திக்கிட்டு அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குப் போனார். 14,000 அடிக்கு மேல. அங்கே காத்து மெலிசு, எஞ்சின் மூச்சுத் திணறும். டர்போவைப் போட்டதும் கீழே தரைமட்டத்தில் கொடுத்த சக்தியை உச்சியிலும் கொடுத்தது. அதாவது மலை பிடுங்கினதைத் திருப்பிக் கொடுக்கத்தான் டர்போ. நம்ம கல்வராயன் மலையிலும் இதே கணக்கு சின்ன அளவுல உண்டு. சின்னக் கல்வராயன் சராசரியா 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடின்னு போட்டிருக்காங்க. கடல் மட்டத்துல 101 கிலோபாஸ்கல் இருக்கிற காத்தழுத்தம் அந்த உயரங்கள்ல 90ஐ ஒட்டி வந்துடும். வெள்ளிமலை ஏறும்போது கார் சோம்பலா இருக்குன்னா ஏத்தம் மட்டும் காரணமில்லை, பத்துல ஒரு பங்கு காத்தே குறைவு.

இரண்டாம் உலகப் போர்ல இந்த டர்போ ஆயிரக்கணக்கான அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களில் ஏறியது. அங்கேதான் ஒரு சுவாரசியம். நாலு எஞ்சின், ஒவ்வொண்ணுக்கும் டர்போ, உயரம் மாற மாற ஒவ்வொரு வேஸ்ட்கேட்டையும் கையால திருத்தணும், கூடவே கீழேயிருந்து சுடுவான். மினியாபொலிஸ்-ஹனிவெல் கம்பெனி வெற்றிடக் குழல் வச்ச ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டைச் செஞ்சு கொடுத்தது. பைலட்டுக்கு ஒரே ஒரு திருகு, பக்கத்துல எண்கள். மத்ததெல்லாம் பொட்டி பாத்துக்கும். 1944ல் நம்ம கரக்பூர் பக்கத்து ஓடுதளங்கள்ல வந்து இறங்கின பி-29 விமானங்களிலும் இந்த மாதிரி பொட்டிதான். ஆக டர்போவுக்கு முதன்முதலா மின்னணுக் காவலாள் போட்டது கார்க்காரன் இல்லை, போர் விமானக்காரன். அந்தக் குழல் பொட்டியைக் கார்ல வைக்க எவனாலும் முடியாது. விலை, சைஸ், சூடு எல்லாமே உதைக்கும்.

அதனால் 1962ல் அமெரிக்காவில் ஒல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தபோது காவலாள் இல்லாமலே வந்தது. மூணரை லிட்டர் வி8, கார்ப்பரேட்டர், அதுமேல டர்போ. கம்ப்ரஷன் 10.25. இன்னிக்கு யாராவது அப்படிக் கேட்டா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுவாங்க. நாக்கிங்கைத் தடுக்க அவங்க செஞ்ச உபாயம், ஒரு தனி டேங்க்ல தண்ணியும் மெத்தனாலும் பாதிப் பாதி கலந்து எஞ்சினுக்குள்ள தெளிக்கிறது. அதுக்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' அப்படின்னு ஒரு பந்தாவான பேரு. டேங்க் காலியானா டர்போவை அடக்க ஒரு வால்வு கூட வச்சிருந்தாங்க, அதாவது இன்னிக்கு 'லிம்ப் மோட்'ங்கிறோமே அதோட தாத்தா. ஆனா ஜனங்க டேங்கை நிரப்ப மறந்தாங்க, கார் சோர்ந்து போச்சு, புகார் குவிஞ்சது. ரெண்டு வருஷத்துல கார் நின்னுபோச்சு. பல கார்கள்ல கம்பெனியே டர்போவைக் கழட்டி சாதா கார்ப்பரேட்டர் மாட்டிக் கொடுத்தது.

(மெத்தனால் தெளிக்கிற கிட் இப்பவும் விக்கிறாங்க. சித்தப்பா பையன் அதையும் கேட்டான். 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயத்தால அறுபது பேருக்கு மேல செத்த ஊர்ல அதை வீட்ல கேன்ல வாங்கி வைக்கிற பேச்சே வேண்டாம்னு சொல்லிட்டேன். மேற்கொண்டு அதுல விவாதமில்லை.)

அடுத்து 1973, பி.எம்.டபிள்யூ 2002 டர்போ. ரெண்டு லிட்டர், 170 குதிரைத்திறன், மெக்கானிக்கல் இஞ்செக்‌ஷன். அழுத்தம் வர்ற வரைக்கும் தூங்கும், வந்தா முதுகுல உதைக்கும். மழைல வளைவுல உதைச்சா என்ன ஆகும்னு சொல்ல வேணாம். எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துக்க, 1,672 காரோட கதை முடிஞ்சது. ஆனா அந்த எஞ்சின் பிளாக் குடும்பத்தை (எம்10) ஞாபகம் வச்சுக்கங்க. சரியா பத்து வருஷம் கழிச்சு, 1983ல், அதே குடும்பத்து வார்ப்பிரும்பு பிளாக்கை ஒன்றரை லிட்டராச் சுருக்கி, நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 சாம்பியன் ஆனார். டர்போ காரில் சாம்பியன் ஆன முதல் ஆள். பந்தயத்துல 600 குதிரைத்திறனுக்கு மேல. தலைப்பாகம் புதுசு, எரிபொருள் புதுசு, எல்லாம் சரிதான். ஆனா என் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் பாஷ் கம்பெனி கொடுத்த டிஜிட்டல் பொட்டி. 1973ல் எஞ்சினைக் கவனிக்க ஆள் இல்லை, 1983ல் இருந்தது.

அந்தப் பத்து வருஷத்துல சாலைக் கார்லயும் ஒரு வேலை நடந்தது. எனக்குப் பிடிச்சது இதுதான். ஸ்வீடன்ல சாப் கம்பெனி 1978ல் 99 டர்போ விற்க ஆரம்பிச்சது. அதோட இஞ்சினியர் பெர் கில்பிராண்ட் குழு 1982ல் ஒரு வேலை செஞ்சது. எஞ்சின் பிளாக்ல ஒரு சின்ன மைக் மாதிரி சென்சார் மாட்டி, நாக்கிங் சத்தத்தைப் பொட்டியைக் கேக்க வச்சாங்க. சத்தம் கேட்டதும் பொட்டி ஒரு வால்வைத் திறந்து டர்போ அழுத்தத்தைக் குறைச்சிடும். சத்தம் நின்னதும் மெதுவா ஏத்தும். பேரு ஏ.பி.சி. மட்டமான பெட்ரோல் ஊத்தினா கார் தானா சாது ஆயிடும், நல்ல பெட்ரோல் ஊத்தினா தானா சுறுசுறுப்பாகும். ஜெட்ஃபயர்காரன் டேங்க் வச்சுச் செய்யப் பார்த்ததை இவங்க காது வச்சுச் செஞ்சாங்க. இருபது வருஷ இடைவெளி. நம்ம பாஷைல சொன்னா, முதல்ல இருந்தது ஓப்பன் லூப், இது க்ளோஸ்டு லூப்.

பெட்ரோல் அளவைப் பொட்டி தீர்மானிக்கிற கதை தனி ஓட்டம். 1957ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி முயற்சி பண்ணி அடி வாங்கியது. அந்த உரிமையை வச்சு பாஷ் 1967ல் டி-ஜெட்ரானிக்கை ஃபோக்ஸ்வேகன் 1600ல் கொண்டு வந்தது. அந்த 'டி' ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்குது. எஞ்சின் உறிஞ்சுற குழாயில் அழுத்தம் எவ்வளவு, எஞ்சின் வேகம் எவ்வளவு, இது ரெண்டையும் வச்சு உள்ளே போற காத்தைக் கணிச்சு அதுக்கேத்த பெட்ரோல். 1979ல் வந்த மோட்ரானிக் பெட்ரோலையும் பொறியையும் ஒரே டிஜிட்டல் பொட்டிக்குள்ள அடைச்சது. இன்னிக்கு வீட்ல உக்காந்து சால்டர் பண்ற பொட்டியும் அதே 1967 கணக்கைத்தான் போடுது. ஒரு பக்கம் வேகம், ஒரு பக்கம் அழுத்தம், நடுவுல பதினாறுக்குப் பதினாறு கட்டம். எக்ஸல் ஷீட்தான் சாமி. ஆனா விடை சொல்ல நேரம் கம்மி. 6,000 சுற்று வேகத்துல ஒரு சுற்றுக்கு 10 மில்லிவிநாடி, நாலு சிலிண்டர்னா 5 மில்லிவிநாடிக்கு ஒரு பொறி. ஒரு டிகிரிங்கிறது 28 மைக்ரோவிநாடி கூட இல்லை. நாங்க ஆபீஸ்ல எழுதுற ஜாவா புரோகிராம் நடுவுல குப்பை பொறுக்கப் போற நேரத்துல இங்கே பிஸ்டன் உருகிடும்.

இந்தியாவுக்குப் பொட்டி வந்தது சட்டம் வழியா. 1999 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துல யூரோ 1, யூரோ 2 விதிகளைச் சீக்கிரமாக் கொண்டு வரச் சொன்னது. 2000ல் நாடு முழுக்க யூரோ 1க்கு இணையான விதி. கார்ப்பரேட்டரை வச்சுக்கிட்டு அதுக்கு மேல இழுக்கிறது கஷ்டம். எம்.பி.எஃப்.ஐ.ங்கிற எழுத்து கார் முதுகுல ஒட்டிக்கிட்டு வந்தது அப்பத்தான். எஸ்டீமே 65 குதிரைத்திறன் கார்ப்பரேட்டர்லேர்ந்து 85க்கு ஏறினது அந்த மாற்றத்துலதான். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. புகையைக் குறைக்க வந்த பொட்டி, பூட்டிய பொட்டி. மெக்கானிக்குக்கு அது ஒரு எச்சரிக்கை விளக்கு, அப்புறம் ஸ்கேனர் வச்சிருக்கிறவன் சொல்ற ஒரு நம்பர். உள்ளே இருக்கிற அட்டவணையை யாரும் பார்க்கலை, பார்க்கவும் விடலை. கார்ப்பரேட்டர்ல ஜெட் மாத்தி, ஊதி, திருகி நூறு வண்டியைப் பாடம் பண்ணின கைகள் திடீர்னு வெளியே நிறுத்தப்பட்டன. கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்ல இது சாதாரண விஷயம் இல்லை. ஒரு தலைமுறைத் தொழிலறிவே ஒரு அலுமினிய டப்பாவுக்கு வெளியில நின்னுடுச்சு.

இங்கே கரிவரதனை நினைக்காம இருக்க முடியல. கோயமுத்தூர்க்காரர். 1988ல் மாருதி 800 எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். அதே 796 சிசி, கார்ப்பரேட்டர், எந்த ஊர்லயும் கிடைக்கிற பாகம். நாராயண் கார்த்திகேயன் போன்றவங்க வளர்ந்தது அந்த வழியில்தான். 1995ல் விமான விபத்துல கரிவரதன் போயிட்டார். 2003ல் செட்டிபாளையத்துல வந்த பந்தயத் தளத்துக்கு அவர் பேர்தான். அவரோட கார்கள்ல எனக்குப் பிடிச்ச விஷயம் வேகம் இல்லை, உடைஞ்சா உள்ளூர்லயே சரி பண்ணலாம்ங்கிறது. பொட்டி தேர்ந்தெடுக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்டா பாதி முடிவு வந்துடும்.

சரி, கடைக்குப் போவோம். டர்போ மாத்துறவனுக்கு நாலு வழி இருக்கு.

கம்பெனிப் பொட்டியையே வச்சுக்கலாம், உள்ளே எண்களை மாத்தலாம். டர்போவோட பிறந்த கார்னா இது நல்ல வழி. 2004ல் இந்தியாவில் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ்., பிறகு போலோ டி.எஸ்.ஐ. மாதிரி கார்கள்ல அழுத்தத்தை அளக்கிற சென்சார், நாக்கிங் காது எல்லாம் ஏற்கனவே இருக்கு. ஆனா டர்போ இல்லாம பிறந்த காரோட அழுத்த சென்சார் பொதுவா வெளிக் காத்தழுத்தம் வரைக்கும்தான் படிக்கும். அதுக்கு மேல டர்போ எவ்வளவு திணிச்சாலும் அதுக்கு ஒரே எண்தான் தெரியும். எஞ்சினுக்குள்ள ஒன்றரை மடங்கு காத்து போயிட்டிருக்கு, பொட்டி ஒரு மடங்குக்குத்தான் பெட்ரோல் விடுது. கண்ணு தெரியாத காவலாள்.

ரெண்டாவது, நடுவுல உக்காந்து பொய் சொல்ற சின்னப் பொட்டி. பிக்கிபேக்னு சொல்றாங்க. சென்சார் சொல்றதை மாத்தி கம்பெனிப் பொட்டிக்குச் சொல்லும். மலிவு, சீக்கிரம் மாட்டலாம். ஆனா கம்பெனிப் பொட்டி முட்டாள் இல்லை, ஆக்ஸிஜன் சென்சார் வச்சு கணக்கைத் தானாத் திருத்திக்கும். நீங்க பொய் சொல்ல, அது திருத்த, நீங்க மறுபடி பொய் சொல்ல... ரெண்டு பேர் ஒரே ஃபைலை ஒரே நேரத்துல எடிட் பண்ற கதை. நெட்வொர்க் படிச்சவங்களுக்கு இது எப்படி முடியும்னு தெரியும்.

மூணாவது, ஹால்டெக், மோடெக், லிங்க் மாதிரி தனிப் பொட்டிகள். முதல் ரெண்டும் ஆஸ்திரேலியா, மூணாவது நியூசிலாந்து. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியாக்காரங்க லேப்டாப் மாட்டி ஓட்டிக்கிட்டே அட்டவணை மாத்துற பொட்டி செஞ்சு பந்தய உலகத்தைப் பிடிச்சாங்க. தரம் உண்டு, பாதுகாப்பு வேலைகள் நிறைய, விலையும் அப்படியே. சில பழைய எஸ்டீம்களை விட பொட்டி விலை கூட வரும்.

நாலாவதுதான் என் கட்சி, திறந்த பொட்டிகள். 2001ல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போங்கிற ரெண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட்டைக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி மோட்டரோலாவின் 68332 சில்லை வச்சு ஒரு பெரிய திட்டம் பார்த்து, சிக்கல் ஜாஸ்தின்னு எட்டு பிட் சில்லுக்கு இறங்கி வந்தவங்க. (அதே 68332 சில்லுதான் சாப் கம்பெனியோட டிரையானிக் பொட்டியிலயும். ஒரு சில்லு, ரெண்டு உலகம்.) முதல் மெகாஸ்குவர்ட்டுக்குப் பெட்ரோல் மட்டும்தான் தெரியும், பொறி தெரியாது. வாங்கினவங்களே கோடு எழுதிப் பொறியைச் சேர்த்தாங்க. ஆனா அது முழுசாச் சுதந்திர மென்பொருள் இல்லை, அவங்க பலகைல மட்டும் ஓட்டணும்னு நிபந்தனை உண்டு. அடுத்த பத்தாண்டுல வந்த ஸ்பீடுவினோ அந்த வேலியையும் எடுத்துடுச்சு. ஜோஷ் ஸ்டூவர்ட்ங்கிற ஆஸ்திரேலியர் ஆரம்பிச்சது, ஆர்டுவினோ மெகா பலகைல ஓடும், கோடு முழுக்க ஜி.பி.எல். ரஸ்இ.எஃப்.ஐ. இன்னும் பெரிய 32 பிட் சில்லுல ஓடுது. ரெண்டையும் திறந்து படிச்சுப் பார்த்தேன். ஆபீஸ்ல ஆணி புடுங்குற கோடை விட சுத்தமா இருக்கு, சத்தியமா.

திறந்ததுன்னா உடனே அதுதான் நல்லதுன்னு ஜல்லி அடிக்க மாட்டேன். டர்போவைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய முதல் கேள்வி, சாப் 1982ல் கேட்டது: இந்தப் பொட்டிக்குக் காது இருக்கா? ஸ்பீடுவினோ சில்லு எட்டு பிட். நாக்கிங் சத்தத்தைத் தானே அலசுற தெம்பு அதுக்கு இல்லை, வெளியில தனிப் பலகை வேணும். 32 பிட் பொட்டிகள் உள்ளுக்குள்ளேயே செய்யும். அதனால எஸ்டீமுக்கு நான் ரஸ்இ.எஃப்.ஐ. ரகத்துப் பொட்டியைச் சொன்னேன். சித்தப்பா பையனுக்கு ஸ்பீடுவினோ மேல ஆசை, விலை கம்மி. விலை வித்தியாசம் ஒரு ஹெட் கேஸ்கட் வேலைக் கூலிக்கு வராதுன்னு அண்ணன்தான் முடிச்சு வச்சார்.

கூடவே சில விஷயங்கள் இல்லாம டர்போவைத் தொடக்கூடாது. 3 பார் வரை படிக்கிற அழுத்த சென்சார். புகையில கலவை எவ்வளவுன்னு சரியாச் சொல்ற வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். உள்ளே போற காத்தோட சூட்டை அளக்கிறது ஒண்ணு. சித்திரை வெயில்ல, கொண்டை ஊசி வளைவுல மெதுவா ஏறும்போது பானட்டுக்குள்ள காத்தோட்டமே இருக்காது, சூடு பார்த்துப் பொறியைத் தள்ளிப்போட பொட்டிக்குத் தெரியணும். ஆயில் அழுத்தமோ பெட்ரோல் அழுத்தமோ விழுந்தா எஞ்சினை நிறுத்துற ஏற்பாடு. எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கிற லாக். லாக் இல்லாம டியூனிங் பண்றது, கோளாறு வந்த சர்வரை முகத்தைப் பார்த்தே சரி பண்றேங்கிற மாதிரி.

இன்னொண்ணு, வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே நம்பறவங்க தவறவிடறது. எத்தனால். 2023ல் தொடங்கி 2025க்குள்ள நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துடுச்சு. சுத்தப் பெட்ரோல் முழுசா எரிய எடையில் 14.7 மடங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 மடங்கு போதும், இ20க்கு சுமார் 13.5. அப்படின்னா சுத்தப் பெட்ரோலுக்குப் போட்ட அட்டவணை இ20ல் எட்டு, ஒன்பது சதவீதம் வறண்டு போகும். டர்போ அழுத்தத்துல அந்த எட்டு சதவீதம் போதும் பிஸ்டனைத் தின்ன. இன்னொரு பக்கம், எத்தனால் நாக்கிங்கை நல்லாவே தாங்கும், உள்ளே குளிர்விக்கும். ஜெட்ஃபயர்காரன் தனி டேங்க்ல வச்சுத் தெளிச்ச சமாச்சாரத்துல பாதி இப்ப பங்க்லயே கலந்து வருது. கரும்பு விளையற ஊர்க்காரனுக்கு இது சும்மா கிடைச்ச லாபம், பொட்டிக்கு எத்தனால் சென்சார் மாட்ட ஒரு வாய் இருந்தால்.

கடைசியா ரோடு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திடுச்சு. ஆக டர்போ போட்ட எஸ்டீம் கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ரோட்டுல ஏறக்கூடாது. அந்த வளைவுகள்ல எதிரே பஸ் வரும், நடந்து வர்ற மலைக்காரங்க இருப்பாங்க, பள்ளிக்கூடப் பசங்க இருப்பாங்க. சட்டம் இல்லைன்னாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஓட்டணும்னா செட்டிபாளையம் இருக்கு, 1990ல் வந்த இருங்காட்டுக்கோட்டை இருக்கு. இருநூறு கிலோமீட்டருக்கு மேல வண்டியை ஏத்திக்கிட்டுப் போகணும், போகட்டும்.

இப்போதைக்குப் பேசி முடிவானது இது. முதல்ல பொட்டியும் வைட்பேண்டும் மட்டும். டர்போ கிடையாது. எஸ்டீமோட சாதா எஞ்சினையே அந்தப் பொட்டி ஓட்டணும், காலைக் குளிர்ல ஸ்டார்ட் ஆகணும், ஏ.சி. போட்டா ஐட்லிங் விழக்கூடாது. ஆறு மாசம் லாக் சேரட்டும். அட்டவணையில எந்தக் கட்டம் எதுக்குன்னு அண்ணன் தன் கையால நிரப்பட்டும். அவருக்கு ஏற்கனவே பாதி புரிஞ்சிடுச்சு, கார்ப்பரேட்டர் ஜெட்தானே தம்பி இதுன்னார். அதுக்கப்புறம்தான் டர்போ, அதுவும் 0.4 பார்ல ஆரம்பிச்சு.